லிப்ராதாவுக்குக் காட்டிய மரம்

எங்கள் ஊரில் லிப்ராதாவுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், முன்பல் முனை உடைந்தவள் என்று சொன்னால் போதும். ஓக் கொட்டையைக் குறுக்கே வைத்துக் கடித்தால் பல் அப்படித்தான் ஆகும். இங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும் வயதிலேயே கொட்டையை நீளவாக்கில் பல்லிடுக்கில் நிறுத்தி, மெல்ல அழுத்தி, ஓட்டை நாக்காலேயே பிரித்துத் துப்பக் கற்றுக்கொண்டுவிடும். லிப்ராதா இங்கே பிறந்தவள் இல்லை. கல்யாணமாகி வந்த முதல் கோடையில், தானும் இந்த ஊர்க்காரிதான் என்று நாத்தனார் செனோபியாவுக்குக் காட்டிக்கொள்ள ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். பல் போயிற்று. செனோபியா அதை இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

லிப்ராதா பிறந்தது மலைக்குக் கீழே, பாலைவனத்தில். சொனோரா மாநிலத்தின் அந்தப் பக்கம் கள்ளியும் மணலும் கடலிலிருந்து வரும் உப்புக் காற்றும்தான். அவளுடைய அப்பா பெரிய பண்ணை ஒன்றில் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சினார். மாடு ஏற்றிய லாரியோடு அங்கே வந்து இறங்கிய ரொசெந்தோ, அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான். மறுபடியும் வந்தான், மறுபடியும் குடித்தான். அவ்வளவு தாகம் எந்த மனிதனுக்கும் வராது என்று அவள் அம்மா கண்டுபிடித்த பிறகுதான் பேச்சே தொடங்கியது.

அவளை முதன்முதலாக மேலே கூட்டி வந்தபோது கோடையின் உச்சம். புல் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் சரிவு முழுக்க ஓக் புதர்கள், குதிரையில் போகிறவனின் இடுப்பு உயரத்துக்கு, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கரும்பச்சையாக நின்றன. இலை ஒவ்வொன்றும் தோல்போலத் தடித்து, விளிம்பில் முள் வைத்திருந்தது. இதற்கெல்லாம் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அவள் கேட்டாள். ரொசெந்தோ சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்கும், பிறகு மகன் ஞானஸ்நானத்தில் பாதிரியாரின் தொப்பியை ஆடு தின்றபோதும்தான்.

புதர்களில் காய்ப்பது மானுக்கும் பன்றிக்கும்தான். மனிதர் வாயில் வைத்தால் நாக்கு சுருண்டுவிடும். நாங்கள் தின்கிற கொட்டை, மழைநீர் ஓடி அறுத்த பள்ளங்களில் நிற்கும் மரங்களில் காய்ப்பது. அதிலும் பத்தில் ஒன்பது கசக்கும். ஒன்றுதான் இனிக்கும். அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்பதை இங்கே எந்தக் குடும்பமும் வெளியில் சொல்வதில்லை. பறிக்கப் போகிறவர்கள் ஒரு வழியில் கிளம்பி வேறு வழியில் திரும்புவார்கள். எங்கே பறித்தாய் என்று கேட்பது, பெட்டியில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பதுபோல. யாரும் கேட்பதில்லை.

ஒருவருக்குத்தான் காட்டலாம். ஒருவன் ஒரு பெண்ணைத் தன் வீட்டு மரத்தடிக்குக் கூட்டிப் போனான் என்றால், மோதிரம் மாற்றியதற்குச் சமம். "மரம் காட்டியாச்சா?" என்றுதான் இங்கே கேட்பார்கள். காட்டிவிட்டால் பிறகு பாதிரியாரின் வேலை சும்மா ஒரு சடங்குதான்.

ரொசெந்தோ லிப்ராதாவுக்கு மரம் காட்டியது கல்யாணமாகி வந்த பிறகு, அவள் பல் உடைந்த அந்தக் கோடையில். கழுதைப் பாதையை விட்டு இறங்கி, சிவந்த பட்டைப் புதர்களுக்குள் குனிந்து நுழைந்து, பாறைக்குப் பின்னால் திரும்பினால் அது நின்றது. அடிமரம் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி கிழக்கே சாய்ந்திருந்தது. கொட்டை மற்ற மரங்களைவிட மெலிந்து நீளமாக இருக்கும். ஓட்டில் கறுப்புக் கோடு ஒன்று நெடுக ஓடும். வாயில் முதலில் லேசாகத் துவர்க்கும், அது போன பிறகு வருகிற இனிப்பு நெடுநேரம் நிற்கும். அன்றைக்கு ரொசெந்தோ கீழே கிடந்த ஒன்றைப் பொறுக்கினான். கொட்டையைப் பல்லால் உடைத்து, பருப்பை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான். பல் உடைந்த பிறகு அவளுக்கு அவன்தான் உடைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவன் அவளுக்கு வேறு எதையும் கொடுத்ததில்லை. கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை, பண்ணையில் மாடு மேய்க்கிற கூலியை அப்படியே மேசையில் வைத்துவிடுவான். ஆனால் மகள் பிறந்தபோது, "பொண்ணா? சரி," என்று சொல்லிவிட்டு மாட்டைத் தேடிப் போனவன் அவன். மகளும் வளர்ந்து நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். மகன் எல்லைப்புறத் தொழிற்சாலையில் இருக்கிறான். வீட்டில் இரண்டு பேரும் அவரைப் பானையும்தான். யாராவது லிப்ராதாவிடம், உன் புருஷனுக்கு உன்மேல் ஆசையா என்று கேட்டிருந்தால், அவள் மரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை, முதல் மழைக்கு முன்னால், அவள் அதன் அடியில் துணி விரித்துக் கிளைகளைக் கையால் குலுக்குவாள். விழுகிற சத்தத்தைக் கேட்பாள். அது போதுமாக இருந்தது.

அப்படி இருந்தபோதுதான் எர்மெலிந்தா ஊர் திரும்பினாள்.

மெலி என்றால்தான் இங்கே தெரியும். சின்ன வயதிலேயே லாரிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போனவள். அவன் இறந்த பிறகு, குளிர்காலத்தில் ஒரு பழைய காரில் நாலு மூட்டையோடு வந்து, பூட்டிக் கிடந்த அப்பா வீட்டைத் திறந்தாள். எங்கள் வயதை ஒத்த பெண்களுக்கெல்லாம் அவளைப் பிடித்துப்போயிற்று. தலைமயிரை வெள்ளையாகவே விட்டிருந்தாள், ஆனாலும் அழகாக இருந்தாள். லிப்ராதாவுக்கு அது முதல் நாளே உறுத்தியது. மெலி வீட்டு வாசற்கதவு கீலைச் சரிசெய்யப் போன ரொசெந்தோ திரும்பி வர ரொம்ப நேரமானபோது இன்னும் கொஞ்சம் உறுத்தியது. ஒரு கீலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் கேட்டாள். துரு, என்று அவன் சொன்னான்.

ஜூன் கடைசியில் புனித யோவான் திருநாள் வந்தது. எல்லோரும் ஆற்றுக் குட்டையில் குளித்து ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடி முடித்த மறுநாள், பாலத்துக்குப் பக்கத்தில் பெண்கள் மேசை போட்டார்கள். லாரிகள் வேகம் குறைக்கிற இடம் அது. வெண்ணெய்க்கட்டி, காட்டு மிளகாய், பாயைப்போல அகலமான கோதுமை ரொட்டி, ஓக் கொட்டை எல்லாம் அங்கேதான் விற்கும். லிப்ராதா அன்றைக்கு மிளகாய்தான் கொண்டுவந்திருந்தாள். அவள் மரம் எப்போதும் ஒரு வாரம் பின்தங்கித்தான் பழுக்கும். அதற்கு முன்னால் அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

மெலியின் மேசையில் ஒரு கூடை கொட்டை இருந்தது.

"இவ்ளோ சீக்கிரமாவா?" என்றாள் செனோபியா. "என்ன மெலி, மலையில ஆள் கீள் வச்சிருக்கியா?"

"ஆள் எதுக்குடி? எனக்கு மலைக்கு வழி தெரியாதா?" மெலி கூடையை லிப்ராதா பக்கம் நகர்த்தினாள். "எடுத்துப் பாரு லிப்ராதா. நல்லா இனிக்குது."

லிப்ராதா கையில் எடுத்ததுமே பார்த்துவிட்டாள். மெலிந்த நீளம். நெடுகக் கறுப்புக் கோடு. ஒருவேளை வேறு மரத்திலும் அப்படி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே உடைத்தாள். லேசான துவர்ப்பு. பிறகு அந்த இனிப்பு.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "ஆமா, நல்லாருக்கு," என்றாள். ஓட்டைத் துப்பாமல் விழுங்கிவிட்டாள் என்பது தொண்டையில் கீறியபோதுதான் தெரிந்தது.

இந்த ஊரில் யாராக இருந்தாலும் அவள் நினைத்ததைத்தான் நினைத்திருப்பார்கள். அந்த மரம் ரொசெந்தோ வீட்டு மரம். அதை மெலிக்கு ஒருவன்தான் காட்டியிருக்க முடியும். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் புருஷனின் பையில் கைக்குட்டையைத் தேடியிருப்பாள். லிப்ராதாவுக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை, சாட்சி நாக்கிலேயே இருந்தது.

இருந்தாலும் தேடினாள். அன்று மாலை அவன் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தாள். மாட்டு வாடையும் புகையும்தான் வந்தன. சேணப்பையைக் கவிழ்த்தாள், ஆணியும் கயிறும் விழுந்தன. அவன் தொப்பிப் பட்டையில் ஓக் இலை ஒன்று சிக்கியிருந்தது. ஓக் காட்டில் மாடு மேய்க்கிறவன் தொப்பியில் வேறு எந்த இலை இருக்கும்? ஆனாலும் அவள் அந்த இலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரையில் மிளகாய் போடாமல் அவனுக்குப் பரிமாறினாள். அவன் மிளகாய் கேட்காமலே சாப்பிட்டு முடித்தான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. குற்றம் உள்ளவன்தான் மிளகாய் கேட்கமாட்டான் என்று தோன்றியது.

படுத்த பிறகும் அவளை வாட்டியது இன்னொன்று. அவள் மரம் இவ்வளவு சீக்கிரம் பழுக்காது. பின்னே மெலிக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. கிழக்கே சாய்ந்த பாதி. காலை வெயில் அங்கேதான் முதலில் விழும். அது முந்திப் பழுக்கிறது. இத்தனை வருஷம் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தும் லிப்ராதாவுக்கு அது தெரியவில்லை. மெலி ஒரு வருஷம்கூட ஆகாமல் கண்டுபிடித்துவிட்டாள். புருஷனை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம், தன் மரத்தைத் தன்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாளே என்பதுதான் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

விடிந்ததும் ரொசெந்தோ பண்ணைக்குக் கிளம்பினான். அவள் கூரையில் செருகியிருந்த நீளக் கழியை உருவிக்கொண்டு மலைக்கு நடந்தாள்.

ஓக் மரத்தைக் கழியால் அடிக்கக் கூடாது. அது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். கொட்டை தாங்குகிற சின்னக் கிளைகள் முறிந்தால் அடுத்த வருஷக் காய்ப்பு போய்விடும். கையால் குலுக்கினால் பழுத்தது விழும், பச்சை நிற்கும். கழியால் அடிக்கிறவனைத் திருடன் என்றுகூடச் சொல்லமாட்டார்கள், அதைவிட மோசமான வார்த்தை ஒன்று வைத்திருக்கிறார்கள். லிப்ராதா அடித்தாள். முதலில் கிழக்குப் பாதியை, பிறகு மேற்கை. தனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம் என்றுதான் தொடங்கினாள். பிறகு எதற்கென்றே தெரியாமல் அடித்தாள். பச்சைக் கொட்டைகள் தோளிலும் தலையிலும் கல்லாக விழுந்தன. இலையின் முள் முகத்தைக் கீறியது. நீலப் பறவைகள் கத்திக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் பறந்துபோயின. கை ஓய்ந்தபோது மரம் மொட்டையாக இல்லை, ஆனால் பரட்டைத் தலைபோல இருந்தது.

அப்போதுதான் பாறையின் பின்னாலிருந்து மெலி வந்தாள். தோளில் மடித்த துணி.

அவள் கத்தவில்லை. குனிந்து ஒரு முறிந்த கிளையை எடுத்து, அதிலிருந்த பச்சைக் கொட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"பக்கத்து ஊர்க்காரன் எவனோன்னு நெனச்சேன்," என்றாள். "நீயா?"

"யாரு காட்டினா உனக்கு இந்த மரத்தை?" என்றாள் லிப்ராதா. மூச்சு இரைத்தது. "சொல்லு. ரொசெந்தோதானே?"

மெலி அவளையே பார்த்தாள். பிறகு அங்கே கிடந்த கல்மேல் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்ததுபோல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"அவனா? எனக்கா?" என்றாள். "அடியே, அவனுக்கு இந்த மரத்தைக் காட்டினதே நான்தான்."

லிப்ராதா நம்பவில்லை. மெலி எழுந்து அடிமரத்தின் வடக்குப் பக்கம் போனாள். அங்கே பட்டையில் முண்டுபோல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். லிப்ராதா வருஷம் தவறாமல் தன் தண்ணீர்ப் பையை அதில்தான் மாட்டுவாள். அது முண்டு இல்லை, குதிரை லாடம் என்று மெலி சொன்னாள். அவள் பிறந்த வருஷம் அவள் அப்பா அறைந்தது. மரம் கொஞ்சம் கொஞ்சமாக அதை விழுங்கிவிட்டது. மெலி நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே இரும்பு தெரிந்தது.

மிச்சத்தையும் அவளே சொன்னாள், ஒளிக்கவும் இல்லை, அலங்கரிக்கவும் இல்லை. ரொசெந்தோ வீட்டு மரம் பெரிய வறட்சியில் எப்போதோ பட்டுப்போனது. அவனுக்குக் காட்ட மரம் இல்லை. அதனால் அவள் தன் அப்பாவின் மரத்துக்கு அவனைக் கூட்டி வந்தாள். வழக்கத்துக்குத் தலைகீழ்தான், வயதும் அப்படி. இதே இடத்தில் அவன் கல்யாணப் பேச்சை எடுத்தான். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே லாரிக்காரன் வந்துவிட்டான்.

"நான்தான் வேண்டாம்னேன்," என்றாள் மெலி. "அவன் ஒண்ணும் சொல்லல. சரின்னு சொல்லிட்டு மாடு மேய்க்கப் போயிட்டான்."

அந்தச் 'சரி'யை லிப்ராதாவுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே இது பொய் இல்லை என்பதும் தெரிந்தது. செனோபியா இத்தனை வருஷம் அவள் கொட்டையைத் தின்றும், எங்கள் அம்மா பறித்தது மாதிரியே இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லாதது ஏன் என்றும் விளங்கிற்று.

"பனிக்காலத்துல வந்து பாத்தேன்," என்று மெலி தொடர்ந்தாள். "ஒரு கிளைகூட முறிஞ்சிருக்கல. கீழ கல்லெல்லாம் பொறுக்கி ஓரமா வச்சிருந்துச்சு. யாரோ அக்கறையா வச்சிருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். கிழக்குப் பாதியை மட்டும்தான் எடுத்தேன், லிப்ராதா. மேற்கைத் தொடல." கையிலிருந்த கிளையைக் கீழே போட்டாள். "ஊர்ல சொல்ல மாட்டேன், போ."

தோளிலிருந்த துணியை விரிக்காமல், ஒரு கொட்டைகூடப் பறிக்காமல் அவள் திரும்பிப் போனாள். லிப்ராதா கழியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

சந்தேகம் போனால் நிம்மதி வரும் என்பார்கள். அவளுக்கு வரவில்லை. வெள்ளை மயிர் மெலியிடமிருந்து புருஷனைக் காப்பாற்றிக்கொள்ள அவளால் முடியும். கதவு கீலுக்கு வேறு ஆளைக் கூப்பிடு என்று சொல்லலாம், சண்டை போடலாம். ஆனால் இப்போது அவளுக்கு எதிரி, அந்த மரத்தடியில் யோசித்துச் சொல்கிறேன் என்ற ஒரு சின்னப்பெண். அவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனதைத்தான் லிப்ராதா இத்தனை காலம் தன் சொத்து என்று குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாலையில் ரொசெந்தோ கை கழுவி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நீ எனக்குக் காட்டினியே ஒரு மரம். அது யாரோடது?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான். "மெலியோட அப்பாவோடது."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கலையே."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவ வேண்டாம்னு சொன்ன எடத்துக்கே என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கே."

ரொசெந்தோ வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை என்பது அவன் நெற்றியில் தெரிந்தது. "எங்க மரம் பட்டுப்போச்சு," என்றான். "இனிப்பா காய்க்கிறது எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். உனக்குக் கசக்கிற மரத்தையா காட்டச் சொல்றே?"

அவளுக்குத் தட்டை எடுத்து அவன்மேல் எறியலாமா, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அவனிடம் இருந்த நல்லது அதுதான், அதைக் கொடுத்தான். ஆனால் அவளுக்குத் தேவையாக இருந்தது நல்லது இல்லை, தன்னுடையது. அந்த வித்தியாசத்தை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க வார்த்தை கிடைக்காமல், போய் மிளகாய்ச் சீசாவை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

மரம் அடிபட்ட செய்தி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாடு தேடிப் போன எவனோ பார்த்திருக்கிறான். பாலத்தடியில் பெண்கள் அந்த முகம் தெரியாத ஆளின் தலைமுறையையே சபித்தார்கள். செனோபியா, கை அழுகிப் போகும் என்றாள். லிப்ராதா குனிந்து மிளகாயில் காம்பு கிள்ளினாள். மெலி அந்தப் பக்கம் உட்கார்ந்து லாரிக்காரர்களுக்குக் காப்பி ஊற்றினாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். லிப்ராதாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. அழகும் அவளிடம், மரமும் அவளிடம், கடைசியில் பெருந்தன்மையும் அவளிடமே இருக்க வேண்டுமா?

அடுத்த வசந்தத்தில் அந்த மரத்தில் பூச்சரம் இழையிழையாகத் தொங்கவில்லை. லிப்ராதா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தான் முறித்த இடங்களில் ஓரிரண்டு தளிர் மட்டும் இருந்தது. மெலியின் கூடை அந்த வருஷம் காலியாக இருக்கும். தன் கூடையும்தான். கோடை முற்றியதும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். யாரும் காட்ட வேண்டாம். தானே தேடிக்கொள்வது.

அப்படித் தேடியவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. மரம் என்பது கொடுக்கப்படுவது, தேடப்படுவதில்லை. அவள் தினமும் காலையில் ஒரு புதுப் பள்ளத்தில் இறங்கினாள். புதர் கிழித்துப் பாவாடை ஓரம் தொங்கியது. ஒவ்வொரு மரத்திலும் ஒன்று பறித்துக் கடித்துத் துப்பினாள். கசப்பில் நாக்கு மரத்துப்போய், மத்தியானச் சாப்பாட்டில் அவரைக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாய் ஏன் கறுத்திருக்கிறது என்று செனோபியா கேட்டதற்கு, பல்வலிக்கு ஓக் பட்டை மென்றேன் என்றாள். முதல் மேகங்கள் மலைமேல் திரளத் தொடங்கியபோது, இடிந்த பழைய பட்டிக்குப் பின்னால், இடி விழுந்து பாதி கரிந்த ஒரு கோணல் மரத்தைக் கண்டாள். கொட்டை குட்டை, உருண்டை. கடித்தாள். துப்பத் தயாராக நின்றாள். துப்பத் தோன்றவில்லை. இனிப்பு. கடைசியில் கொஞ்சம் கசப்பு தங்கியது, ஆனால் அது இனிப்பைக் கெடுக்கவில்லை. நாக்கை நம்பாமல் தண்ணீர் கொப்பளித்துவிட்டு இன்னொன்று தின்றாள். பிறகு இன்னொன்று. மரத்தடியில் உட்கார்ந்து மடி நிறைய உடைத்துத் தின்றாள், யாரும் உடைத்துக் கொடுக்காமலே.

பாலத்தடி மேசைமேல் அதை வைத்த அன்று செனோபியா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். யார் வீட்டு மரம் என்று சொல்ல முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை, அது அவளுக்குப் பெரிய தண்டனை. மெலி ஒன்று எடுத்து உடைத்தாள். லிப்ராதாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "இது நான் தின்னதில்ல," என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒரு டப்பா அளந்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் ரொசெந்தோ ஒன்றை வாயில் போட்டான். மெல்வதை நிறுத்தினான்.

"எங்க பறிச்சே?"

அவன் இப்படிக் கேட்டதே அவளுக்கு அதிசயமாக இருந்தது. "மலையில," என்றாள்.

"மலையில எங்க?"

அவள் அடுப்பைக் கிளறினாள். அவன் இன்னொன்று தின்றான். பிறகு, வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டான்.

"யாரு காட்டினா?"

யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் அவள் சொல்லவில்லை. அவன் அன்று இரண்டாவது ரொட்டி கேட்கவில்லை. மறுநாள் அவள் பாவாடை ஓரத்தைப் பார்த்து, இது எந்தப் பக்கத்து முள் என்றான். அதற்கும் மறுநாள், பழைய பட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிற பாஸ்குவாலுக்குப் பொண்டாட்டி செத்து எவ்வளவு காலம் ஆகிறது என்று விசாரித்தான். எனக்கென்ன தெரியும் என்றாள் லிப்ராதா. அவன் தன் வாழ்நாளில் ஒரு வாரத்தில் இவ்வளவு பேசியதில்லை.

மழை வர இன்னும் ஓரிரு நாள்தான் இருக்கும் என்று தோன்றிய ஒரு காலையில், அவள் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவன் பண்ணைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முன்பே கிளம்பியிருந்தான். முதல் திருப்பத்தில் கல் உருளும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து கையிடுக்கு வழியாகப் பார்த்தாள். ஓக் புதர்களுக்கு மேலே அவன் தொப்பி தெரிந்தது. அவள் நின்றபோது தொப்பியும் நின்றது.

லிப்ராதா நிமிர்ந்தாள். பட்டிக்குப் போகிற வழி இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள், முள் அதிகமாக இருக்கிற சரிவுக்கு, வெயில் நேராக விழுகிற பக்கத்துக்கு. மத்தியானம்வரை நடக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் எப்போதும் அவன் பின்னால் நடந்திருக்கிறாள். கொஞ்சம் நடந்ததும், அவனுக்குத் தடம் தவறிவிடக் கூடாதே என்று, அவள் பாட்டு ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கினாள்.